ஆறு வோல்ட் வெளிச்சம்

றொசல்ல,
2024 மே 12

அன்புள்ள றோலண்ட் அண்ணனுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனதோ என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேசினால் நலம் விசாரித்து முடிவதற்குள் நாம் இருவரும் சத்தம் போடத் தொடங்கிவிடுகிறோம். போன வாரம் பாதிப் பேச்சில் வைத்தீர்கள், அதன் பிறகு நான் எடுத்தாலும் பதிலில்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விஷயம் காரைப் பற்றியது. இவருக்கு மருந்து வாங்க ஹட்டனுக்குப் போனபோது சுனில் பாஸின் கராஜ் வழியாக வந்தேன். என்னைக் கண்டதும் அவர், "மிஸ், அண்ணன் காருல இருக்கிற ஆறு வோல்ட் பெட்டரிய எடுத்துட்டு பன்னெண்டு வோல்ட் போடச் சொல்லியிருக்காரு, நான் சாமான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள். அப்பா அந்த ஆமைக் காரை நம் இருவர் பெயரிலும் எழுதிவைத்தார். ஓட்டுவது நீங்கள்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் பாதி என்னுடையது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கண்டியில் ஒரு டொக்டர் பழைய கார்களை வாங்கிப் பாதுகாக்கிறார். நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் பெண்ணை ஏற்றிப் போனபோது நம் காரைப் பார்த்திருக்கிறார். எங்கள் பங்குத் தந்தை மூலமாக என்னைத் தேடிப் பிடித்தார். பழைய ஆறு வோல்ட்டிலேயே இன்னும் ஓடுகிற ஆமையைப் பார்ப்பதே அபூர்வமாம். திரும்பும்போது கதவுக்குப் பக்கத்திலிருந்து எழும்புகிற அந்தச் சின்னக் கை சிக்னல் வேலை செய்வதைப் பார்த்து அசந்துவிட்டாராம். இப்படியே இருந்தால் வாங்குகிறேன், பன்னிரண்டாக மாற்றிவிட்டால் எனக்கு வேண்டாம் என்று திட்டமாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக் கூரையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இங்கே மழை தொடங்கிவிட்டது. இவருக்கு முதுகுவலி, ஏணியில் ஏற முடியாது. பாடசாலை விட்டு வந்து வாளி மாற்றுவதுதான் என் வேலை. விற்றால் உங்களுக்கும் கையில் ஏதாவது இருக்கும். எனவே தயவுசெய்து அந்தக் காரில் ஒரு வயரைக்கூடத் தொட வேண்டாம்.

உங்கள் தங்கை,
ஜோசப்பின்


பொகவந்தலாவை,
2024 மே 25

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் தூங்கி எழுந்து என்னிடம் வந்து சேர்ந்தது. கையெழுத்து இன்னும் கரும்பலகையில் எழுதுவது போலத்தான் இருக்கிறது. முழுவதையும் படித்துவிட்டுத்தான் கோபப்படுகிறேன். நீ சொன்னபடி.

சுனில் பாஸுக்கு வாயில் பூட்டு கிடையாது. சரி, நானே சொல்கிறேன். அந்தக் காரைச் செய்த ஜெர்மன்காரர்கள் ஆறு வோல்ட் போதும் என்று நினைத்துச் செய்தார்கள். அவர்கள் ஊரில் ரோடு நேராகப் போயிருக்கும். இங்கே பின்னேரம் ஆனால் மூடுபனி இறங்கி நோர்வூட் வரைக்கும் பாதையை விழுங்கிவிடுகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் பூசைக்கு ஏற்றிவைத்த இரண்டு மெழுகுதிரி மாதிரி எரிகிறது. மழையில் வைப்பர் போட்டால் அந்த மெழுகுதிரியும் சுருங்குகிறது. கை சிக்னலையும் தூக்கினால் கார் மூச்சு வாங்குகிறது. இன்றைக்கு ஓடுகிற ஓட்டோவில்கூடப் பன்னிரண்டு வோல்ட். நான் கேட்பது விமானம் இல்லை.

முன்னே மாதிரி எல்லாத்துக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஓட்டோவில் போகிறார்கள். கல்யாண ஹயர் மட்டும்தான் மிச்சம். பெண்ணுக்கு ஆமைக் காரில் போய் இறங்க ஆசை, படம் பிடிக்க நல்லாயிருக்கும் என்று. கல்யாணம் காலையில் என்றாலும், படம் பிடித்து, சாப்பிட்டு, அழுது முடித்துப் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவிடும்போது பொழுது சாய்ந்துவிடும். நான் திரும்பி வருவது அந்த வெளிச்சத்தில்தான்.

கண்டி டொக்டர் அதை வாங்கி என்ன செய்வார்? கண்ணாடிக் கதவு வைத்த கராஜில் வைத்து ஞாயிற்றுக்கிழமை துடைப்பார். ஓடுகிற வண்டியை அப்படி வைக்கிறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை, அடக்கம்.

ஜோசி, இதையும் எழுதிவிடுகிறேன், போனில் சொல்ல வராது. உன் அண்ணி ஜொய்சி கல்லறைக்குப் போன பிறகு இந்த வீட்டில் காலையில் எழும்புவதற்கு எனக்கு இருக்கிற ஒரே காரணம் அந்தக் கார்தான். எழும்பி, எண்ணெய் பார்த்து, துடைத்து, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால்தான் தேத்தண்ணி இறங்குகிறது. ஹயர் இல்லாத நாளிலும் அப்படித்தான். அதை விற்றுவிட்டு நான் என்ன செய்வது? உன் வீட்டுக்கு வந்து வாளி மாற்றவா?

கூரைக்கு நான் ஆள் அனுப்புகிறேன். காரைக் கேட்காதே.

றோலண்ட்


றொசல்ல,
2024 ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆள் வந்தார். கூரையைச் சரி செய்துவிட்டுப் போனார். உங்களுக்கு நன்றி. இப்போது எனக்கு அந்தச் சாட்டும் இல்லாமல் போய்விட்டது. அதனால் உண்மையை எழுதுகிறேன்.

நான் காரை விற்கச் சொன்னது கூரைக்காக இல்லை. உயிர்த்த ஞாயிறு அன்று உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நீங்கள் என்னை ரயிலுக்குக் கொண்டுவிட வந்தீர்கள். நோர்வூட்டுக்குக் கீழே அந்த வளைவில், குடை பிடித்துக்கொண்டு ஒரு தாயும் மகளும் ரோட்டோரமாக வந்தார்கள். பனி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். லைட் மங்கல், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வருவது எனக்குத் தெரிந்தது. வெகு தூரத்திலேயே தெரிந்தது. நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் குறைக்கவில்லை. நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டீர்கள். குடைக் கம்பி நம் கண்ணாடியில் உரசிவிட்டுப் போனது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என்ன லைட்டுடி இது, ஒரு எழவும் தெரியுதில்ல." நான் இறங்கிப் பஸ்ஸில் போனேன். கோபத்தில் இறங்கியதாக நீங்கள் நினைத்தீர்கள். கோபம் இல்லை அண்ணா, பயம். உங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு வளைவுகூட உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று மத்தியானம் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினீர்கள். மேசை ஆடுகிறது என்றீர்கள். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினீர்கள். பக்கம் வேறு. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிரச்சினை பெட்டரியில் இல்லை, உங்கள் கண்ணில். எத்தனை வோல்ட் போட்டாலும் அது உங்கள் கண்ணுக்குள் போகாது. லைட் பளிச்சென்று ஆகிவிட்டால் உங்களுக்குத் துணிச்சல் வந்துவிடும், இன்னும் இருட்டினாலும் வண்டியை எடுப்பீர்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

சுனில் பாஸிடம் நானும் கேட்டேன். அவருக்கு வாயில் பூட்டு இல்லாதது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. லைட் மங்குவதற்கு ஆறு வோல்ட் மட்டும் காரணமில்லை, வயரெல்லாம் பழசு, காரின் தகரத்தோடு சேரும் இடமெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்து தடித்த வயர் போட்டால் ஆறு வோல்ட்டே நன்றாக எரியும் என்றார். உங்களுக்கு லைட்தான் குறை என்றால் அதைச் செய்யுங்கள். செய்த பிறகும் தெரியவில்லை என்றால், யாரில் குறை என்று தெரிந்துவிடும்.

ஜோசப்பின்


பொகவந்தலாவை,
2024 ஜூன் 22

ஜோசப்பின் டீச்சருக்கு,

நீ சொன்னதைச் செய்தாயிற்று. சுனில் பாஸ் துருவெல்லாம் சுரண்டி, தடித்த வயர் இழுத்து, லைட்டைப் போட்டுக் காட்டி, "தென் ஹொந்தாய் மாத்தயா, இப்ப நல்லாயிருக்கு, இனி பிரச்சினை இல்ல" என்றார். எனக்கு நன்றாகத் தெரிகிறது. போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். சித்திரையில் ஞானஸ்நான வீட்டில், அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எங்க அண்ணனுக்கு கண்ணு போயிருச்சி, அவர் கார்ல யாரும் ஏறாதீங்க" என்று சொன்னது யார்? விளையாட்டாகச் சொன்னாயாம். நம் ஆட்கள் விளையாட்டாகவா கேட்பார்கள்? நம் தோட்டத்துக் கணேசமூர்த்தி மகள் கல்யாணத்துக்கு நான் கார் ஓட்டி வருவதாகப் பேச்சு. அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, மாப்பிள்ளை வீட்டுல வேன் எடுக்கிறாங்களாம்" என்றான். வேன் எடுக்கிறவன் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்?

டிரைவருக்கு இருப்பது ஒரு பேர்தான். அதை நீ பிரியாணித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள் நீ. எனக்கு இன்றுவரை கண்ணாடி கிடையாது. வயசு ஆனால் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அறுபது தாண்டியவனுக்குக் கழுகுக் கண் இருக்குமா? இந்த ரோட்டில் எந்த வளைவில் எந்தக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாதிப் பாதையைக் கண்ணால் ஓட்டுவதில்லை.

இனி எனக்குப் புத்தி சொல்லி எழுத வேண்டாம்.

றோலண்ட்


பொகவந்தலாவை,
2024 ஜூலை 9

ஜோசி,

எழுத வேண்டாம் என்றேன், நீயும் எழுதவில்லை. ஆனாலும் இதை வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

சனிக்கிழமை ஒரு கல்யாணம். பெண் பெயர் பிரேமினி, மேல் டிவிஷன் பிள்ளை. என்னைத்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். நோர்வூட்டில் கல்யாணம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பின்னேரம் மேலே வந்துகொண்டிருந்தேன். நல்ல பனி. மெதுவாகத்தான் வந்தேன். உனக்கே தெரியும், நம் ரோட்டில் மேலே ஏறுகிறவனுக்குத்தான் வழி, இறங்குகிறவன் அகலமான இடமாகப் பார்த்து நின்று வழிவிட வேண்டும். மேலேயிருந்து ஹட்டன் பஸ் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அந்த உயரத்தில் அவன் லைட்டைப் பார்த்தேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். லைட்டை இரண்டு தரம் அணைத்துப் போட்டு வெட்டிக் காட்டினேன். அவன் நிற்பான் என்று நான் ஏறினேன். அவன் நிற்கவில்லை.

நேரே வந்துவிட்டான். நான் இடப்பக்கம் ஒடித்தேன். முன் சக்கரம் ரோட்டோர மழைத்தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டது. பஸ் நம் மேல் படாமல் ஒரு முழத்தில் நின்றது. பிரேமினிக்கு நெற்றியில் சின்னதாக ஒரு வீக்கம், அவ்வளவுதான். மாப்பிள்ளை கத்தினான். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "பரவால்ல மாமா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்று சொன்னது. கல்யாணப் புடவையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நின்றுகொண்டு சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ் டிரைவர் நல்லவன். அவனும் ஆடிப்போயிருந்தான். "அண்ணே, சத்தியமா கார்னு நினைக்கல. மஞ்சளா ரெண்டு பொட்டு தெரிஞ்சிச்சி. யாரோ டோர்ச் அடிச்சிக்கிட்டு நடந்து வர்றாங்கன்னு நினைச்சேன். நடந்து வர்றவங்களுக்கு பஸ்ஸ ஒதுக்க வேண்டியதில்லையே" என்றான். சுற்றி நின்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். தடித்த வயர் போட்டும் நம் காரின் லைட் இந்தக் காலத்துக்கு லைட்டே இல்லை. மற்ற வண்டிகளின் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது வழிப்போக்கன் கையிலிருக்கிற டோர்ச்.

பார்த்தாயா ஜோசி? நான் அவனைப் பார்த்தேன். அவன்தான் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மாற்றினால் இதற்கு என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிவதற்காக இல்லை, மற்றவனுக்கு நான் தெரிவதற்காகப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். இதற்கும் நீ வேண்டாம் என்றால், காரை எடுக்காமல் நிறுத்திவிடுகிறேன். அப்படியே நிற்கட்டும். நானும் நிற்கிறேன்.

களைப்பாக இருக்கிறது.

அண்ணன்


றொசல்ல,
2024 ஜூலை 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் மர வாங்கில் உட்கார்ந்து படித்தேன். இவரை வார்டில் வைத்திருக்கிறார்கள், முதுகுக்குப் படம் எடுக்க வேண்டுமாம். காலையில் பாடசாலை, பின்னேரம் ஆஸ்பத்திரி, வந்து சமையல். உங்களோடு சண்டை போடவும் இப்போது எனக்குத் தெம்பு இல்லை. சண்டை போடாததால் உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அந்தப் பிள்ளைக்கு வேறொன்றும் ஆகவில்லையே. கர்த்தருக்கு நன்றி. நீங்கள் ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்தீர்களே, அதற்கும்.

ஞானஸ்நான வீட்டில் நான் பேசியது பிழை. உங்கள் பேருக்கு அது என்ன செய்யும் என்று யோசிக்காமல் பேசிவிட்டேன். ஆனால் பொய் பேசவில்லை.

பஸ் டிரைவர் சொன்னது எனக்கு விளங்குகிறது. அந்த வளைவுகளில் எதிரே வருகிறவன் நம்மை நடந்து வருகிற ஆள் என்று நினைத்தால் நிற்க மாட்டான். அது உங்கள் பிழை இல்லை. கண்டி டொக்டருக்குப் போன் பண்ணி, கார் விற்பதில்லை, வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், வருத்தப்பட்டார். பன்னிரண்டு போட்டுக்கொள்ளுங்கள். என் பாதிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. முதலில் கண்ணைக் காட்டிவிட்டுப் பிறகு வோல்ட்டை மாற்றுவீர்களா? டிக்கோயாவில் கண் கிளினிக் நடக்கிறது. நான் கூட வருகிறேன், லீவு போட்டுவிட்டு வருகிறேன். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், பிரியாணித் தட்டோடு. மற்றவர்களுக்கு நீங்கள் தெரிய வேண்டும், சரி. நீங்களும் மற்றவர்களைப் பார்க்க வேண்டும் இல்லையா? எனக்கு உங்களைவிட்டால் கூடப்பிறந்தவர் வேறு யாரும் இல்லை. பயமாக இருக்கிறது, அண்ணா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜோசப்பின்


பொகவந்தலாவை,
2024 ஓகஸ்ட் 11

அன்புள்ள ஜோசிக்கு,

கிறிஸ்டியன் மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். படுத்தே இருக்கச் சொல். அவருக்குப் படுப்பதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் உன் பேச்சை மாற்றிவிட்டேன், கோபிக்காதே. வோல்ட் முதலில், கண் பிறகு. சுனில் பாஸுக்கு கம்பளையில் ஒரு டைனமோ அம்பிட்டது. விட்டால் வேறொருவன் தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஆடி முடிந்தால் கல்யாணங்கள் தொடங்கிவிடும். கண் எங்கே போகப் போகிறது, முகத்தில்தானே இருக்கிறது.

நீ வந்து பார்க்க வேண்டும். டைனமோ, பெட்டரி, பல்ப், கொயில் எல்லாம் புதுசு. வைப்பர் முதல் நாள் பேய் பிடித்தது போல ஆடியது. வைப்பர் மோட்டார் பழசு, ஆறுக்குச் செய்தது, அதற்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் என்ன செய்யும் பாவம். பாஸ் நடுவில் ஏதோ ஒன்றை வைத்து அதை அடக்கினார். கை சிக்னலுக்கும் அப்படியே. அப்பா வாங்கும்போது இருந்த அந்தக் கை அப்படியேதான் எழும்புகிறது, அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹோர்ன் முன்பு இருமும், இப்போது கத்துகிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் யோசிக்காமல் எழும்புகிறது.

லைட்டைச் சொல்லவா? கராஜ் சுவரில் அடித்துக் காட்டினார். அந்தச் சுவரில் எழுதியிருந்த பழைய விளம்பரமெல்லாம் எழும்பி வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவன், "அங்கிள், சிவனொளிபாத மலைக்கே அடிக்கலாம்" என்றான். பிரேமினி வீட்டிலிருந்தும் வந்து பார்த்துவிட்டு, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனால் இந்தக் காரில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கானுக்குள் இறக்கியவனை மறுபடி கேட்கிறார்கள் ஜோசி. கணேசமூர்த்தியும் வந்து எட்டிப் பார்த்தான். நான் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன்.

றோலண்ட்


றொசல்ல,
2024 ஓகஸ்ட் 20

அண்ணா,

காரைப் பற்றி ஒரு முழுத் தாள். கண்ணைப் பற்றி, அது முகத்தில் இருக்கிறது என்று ஒரு வரி.

கராஜ் சுவரில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழும்பி வந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படித்தீர்களா, அல்லது பக்கத்தில் நின்றவர்கள் படித்ததைக் கேட்டீர்களா?

உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கும் மனமில்லை. நீங்கள் நன்றாகத் தூங்கினேன் என்று எழுதிய இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் நான் தூங்கவில்லை. செப்டெம்பர் முதல் வாரம் எனக்கு லீவு கிடைக்கும். வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன், சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் பொழுது சாய்ந்தால் காரை எடுக்க வேண்டாம்.

ஜோசப்பின்


பொகவந்தலாவை,
2024 ஓகஸ்ட் 31

ஜோசி,

இதை நான் சொல்ல, கணேசமூர்த்தி எழுதுகிறான். என் கையெழுத்து இல்லையே என்று பயப்படாதே. எனக்கு அடி ஒன்றும் இல்லை. யாருக்கும் அடி இல்லை. கொஞ்ச நாளாகவே நான் எழுதுவது கோட்டில் நிற்பதில்லை, நீ கவனித்திருப்பாய். இன்றைக்குச் சொல்வதை நீ தெளிவாகப் படிக்க வேண்டும், அதனால் அவனைக் கேட்டேன்.

கராஜ் சுவரில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் படித்ததைத்தான் கேட்டேன்.

நேற்று பின்னேரம் பெற்றோல் அடிக்க நோர்வூட்டுக்குப் போனேன். காரில் வேறு யாரும் இல்லை. வெள்ளனவே திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். க்யூ நீண்டுவிட்டது. வரும்போது பனி இறங்கியிருந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தேன். மேலேயிருந்து பஸ் இறங்கியது, அதே டிரைவர். நான் வெட்டிக் காட்டக்கூட இல்லை, அவன் தூரத்திலேயே ஒதுங்கி எனக்காக நின்றான். பக்கத்தில் போனதும் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, இப்ப தெரியுது! திருவிழாத் தேர் மாதிரி வர்றீங்க!" என்று கத்தினான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.

அந்த வளைவைத் தாண்டினதும் பனி இன்னும் கெட்டியாகிவிட்டது. வெளிச்சம் முழுவதும் பனியில் பட்டுத் திரும்பி என் கண்ணிலேயே அடித்தது. வெள்ளைத் துணியால் முகத்தை மூடினது மாதிரி. பழைய மங்கல் லைட்டில் ஓரக் கல்லாவது நிழலாகத் தெரியும். இதில் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனாலும் ஓட்டினேன். பாதை எனக்குத் தெரியும் என்றுதான் ஓட்டினேன். மெதுவாகத்தான்.

போனட்டில் யாரோ படாரென்று அடித்தார்கள். பிரேக்கைப் போட்டேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு மூட்டை இருந்தது, விறகுக்கட்டு. அதன் கீழே ஒரு பெண். பம்பர் அவள் சேலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் கான், அவளுக்கு நகர இடம் இருந்தது. நகரவில்லை.

இறங்கினேன். "யாரம்மா நீ?" என்று கேட்டேன்.

"என்னங்க ஐயா, நான் அழகம்மாங்க. ஒங்க வீட்டுக்கு பொறத்தால இருக்கிற லயத்து வீடு. தெரியலயா?"

தினமும் காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது, கார் துடைத்துக்கொண்டிருக்கிற என்னிடம் நின்று பேசிவிட்டுப் போகிறவள். என் லைட் இரண்டும் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒதுங்கியிருக்கலாமேம்மா. ஏன் நின்ன?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். பயத்தில் வேறு எதுவும் வரவில்லை.

அவள் சொன்னாள்: "முந்தியெல்லாம் ஒங்க லைட்ட கண்டா நாங்க ஓடி திட்டுல ஏறிருவோம், டிரைவர் ஐயாவுக்கு தெரியாதுன்னு. இப்ப இம்புட்டு வெளிச்சம் போட்டு வர்றீங்க, என்னைய பாக்காமலா இருப்பீங்கன்னு தான் நின்னேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, விறகுக்கட்டைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

காரைத் திட்டு ஓரமாக நிறுத்திவிட்டேன். லைட்டை அணைத்தேன். அணைத்த பிறகுதான் அவள் உருவம் கொஞ்சமாவது தெரிந்தது. அவள் முன்னால் நடந்தாள், நான் அவள் விறகுக்கட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் யார் வீட்டிலோ நடக்கிற கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

கணேசமூர்த்தி காலையில் போய்க் காரைக் கொண்டுவந்து விட்டான். கண்டி டொக்டர் இனி அதை வாங்க மாட்டார், அதை நானே கெடுத்துக்கொண்டேன். நீ வரும்போது கிளினிக்குக்கு வருகிறேன். கண் சரியாகும் என்று சொன்னாலும், சரியாகாது என்று சொன்னாலும், நான் சொல்ல வந்தது வேறு.

மற்றவர்களுக்கு நான் தெரிய வேண்டும் என்று உன்னிடம் சண்டை போட்டேன் அல்லவா? இப்போது எல்லோருக்கும் தெரிகிறேன். அந்த வெளிச்சத்தை நம்பி ஒருத்தி ரோட்டில் நகராமல் நின்றாள், ஜோசி. நான் அவளைப் பார்க்கவே இல்லை. இனி எனக்கு ஸ்டியரிங்கில் கை வைக்க மனம் வராது.

அண்ணன்